சட்டைப் பை இல்லாத சுந்தரம்மாள்

நெஞ்சு அடிக்க ஆரம்பித்தால் சுந்தரம்மாள் முதலில் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்ப்பாள். இடது மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக்கொண்டு, விநாடி முள் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறவரை உதட்டுக்குள்ளேயே எண்ணுவாள். எண்பத்தைந்து. நேற்றும் எண்பத்தைந்து. முந்தாநாள் மூட்டையை இழுத்துப் போட்டுவிட்டு எண்ணினாள், எண்பத்தைந்து. இன்றைக்கு வெறும் சாக்கின்மேல் சும்மா உட்கார்ந்து எண்ணியும் அதே எண்பத்தைந்து.

“யக்கா, மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சா?” என்று மிஷினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கோகிலவாணி கேட்டாள்.

“ஆமா. நம்ம மோட்டார் கணக்கா ஓடுது. சாமை கொட்னாலும் ஒரே ஓட்டம், கொட்டாட்டியும் ஒரே ஓட்டம்.”

“அப்ப பெல்ட்ட மாத்திடலாம், வா.”

சிரித்தார்கள். ஆனால் கோகிலவாணி சிரித்து முடித்தும் சுந்தரம்மாளின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஜமுனாமரத்தூரிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது பலாக்கொல்லை என்கிற மலைக்கிராமம். அங்கே பெண்கள் குழு ஒன்று சாமையை உமி நீக்கி அரிசியாக்கும் ஆலை ஒன்றை நடத்துகிறது. ஊரில் அதற்கு மிஷின் கொட்டாய் என்று பேர். சுற்றுவட்டாரத்தில் பதினாலு குக்கிராமத்துக்கு அது ஒன்றுதான். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நாலு மைல் நடந்து வந்தபின் கரண்ட் இல்லை என்றாலோ, முன்னால் பத்துப் பேர் நின்றாலோ, வந்தவர்கள் பேசுகிற பேச்சைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. அதனால் ஆறு வருஷத்துக்கு முன்னால் சுந்தரம்மாள் ஓர் ஏற்பாடு செய்தாள். போனில் கேட்டுவிட்டு வா, உன் முறை எப்போது என்று சொல்கிறேன். அன்றிலிருந்து முறை சொல்வது அவள் வேலை. எந்த ஊரில் யார் வீட்டில் எத்தனை மூட்டை, யாருக்கு நாளைக்குக் காதுகுத்து, யாருக்கு மூட்டை தூக்க ஆளில்லை, எல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில், ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட ஒருத்தியை, பதினாலு ஊர்க்காரர்கள் “சொல்லுங்க” என்று மரியாதையாகக் கேட்கிற இடம் அது ஒன்றுதான்.

அந்த இடம்தான் இப்போது கையை விட்டுப் போகப் பார்த்தது.

போன வருஷம் அவள் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். ஒரு தடவை கொல்லையில் களை பிடுங்கும்போது. இன்னொரு தடவை ஆலங்காயம் இறங்குகிற பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவில். மலைச் சுற்றில் தலை சுற்றியது என்று கண்டக்டர் எலுமிச்சம்பழம் கொடுத்தார். வேலூர் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இதயம் நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு தடவைதான் துடிக்கிறது என்றார்கள். இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு பேஸ்மேக்கரை வைத்துத் தைத்தார்கள். தீப்பெட்டி அளவுகூட இல்லை. சுந்தரம்மாள் அதற்கு டப்பி என்று பேர் வைத்தாள்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில், அந்தக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன் பார்த்திபன் மூன்று விஷயம் சொன்னார். போனை வலது காதில் வைத்துப் பேச வேண்டும். போனைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது. காந்தம் எதுவும் நெஞ்சுக்குக் கிட்டே வரக் கூடாது.

கூட நின்ற கணவர் ரங்கன் அந்த நிமிஷமே தன் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அவர் நெஞ்சில் ஒரு டப்பியும் கிடையாது. ஆனாலும் பெண்டாட்டிக்குச் சொன்னது தனக்கும் சேர்த்துத்தான் என்று அன்றிலிருந்து இன்றுவரை அவர் சட்டைப் பையில் பீடிக்கட்டு தவிர வேறொன்றும் ஏறவில்லை.

சுந்தரம்மாள் மூன்றையும் பிசகாமல் கடைப்பிடித்தாள். வலது காதில்தான் பேசினாள். மிஷினில் சாமை இறங்குகிற வாயில் ஒரு காந்தக் கம்பி உண்டு, ஆணி, இரும்புத் துண்டு எதுவும் உமி நீக்குகிற கல்லுக்குள் போய்விடாமல் பிடித்துக்கொள்ள. தினம் சாயங்காலம் அதைத் துடைப்பது அவள் வேலையாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே அதைக் கோகிலவாணி தலையில் கட்டிவிட்டு, அவள் துடைத்து முடிக்கிறவரை வேப்பமரத்தடியில் போய் நிற்பாள். சட்டைப் பையைப் பற்றிக் கவலைப்பட அவளிடம் சட்டையே இல்லை. போன் எப்போதும்போல ஜாக்கெட்டுக்குள், வலது கை சட்டென்று போகிற இடது பக்கத்தில் இருந்தது. அந்த மலையில் போன் வைத்திருக்கிற பெண்கள் எல்லோருக்கும் அது அங்கேதான்.

பேஸ்மேக்கர் வைத்து ஐந்து மாசம் ஒரு தொந்தரவும் இல்லை. சித்திரையில்தான் படபடப்பு ஆரம்பித்தது.

சித்திரையில்தான் பலாக்கொல்லைக்கு எதிர்ப்பாறையில் செல்போன் டவரும் வந்தது. அதற்குமுன் காலையும் சாயங்காலமும் மேட்டில் ஏறி நின்றுதான் அவள் போனில் முறை சொல்வாள். இப்போது மிஷின் கொட்டாயில் நின்றபடியே பேசலாம். கொட்டாயின் வாசல் டவரை நேருக்கு நேர் பார்த்தது. வீடு பாறைக்குப் பின்னால், டவர் கண்ணிலேயே படாது. கொட்டாய்க்கு வந்தால் நெஞ்சு அடிக்கிறது, வீட்டில் அடிப்பதில்லை. இதற்குமேல் என்ன வேண்டும்?

“அது கதிரு,” என்றார் ரங்கன். “வூட்டுக்குப் பாறை மறைப்பு கீது. மிஷின் கொட்டாய்க்கு இன்னா கீது, தகரம்.”

மகன் நவீன்குமார் மஸ்கட்டில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவான். இந்தப் படபடப்பைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவன் தூக்கம் போயிற்று. போனைப் பற்றி, டவரைப் பற்றி, இதயத்தைப் பற்றி யாரோ எங்கோ பேசியதையெல்லாம் தேடிக் கேட்டு, தன் குரலில் பதிந்து அம்மாவுக்கு அனுப்பினான். அவன் அனுப்பிய ஒவ்வொன்றும் முந்தினதைவிட மோசமாக இருந்தது.

“ம்மா, நான் இங்க இருந்துக்கினு இன்னா பண்ண முடியும், சொல்லு. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் வந்து சேர ஒரு நாள் ஆவும். அந்த மிஷினும் வேணாம், முறையும் வேணாம். வூட்ல இரு.”

“வூட்ல இருந்து?”

“சும்மா இரு.”

“சும்மா இருந்தா இப்பவே நின்னுடும்டா நெஞ்சு.”

அவன் சிரிக்கவில்லை. அவன் கண்ணில் தெரிந்த பயம் அவளையும் தொற்றிக்கொண்டது. உள்ளே இன்னொரு பயமும் இருந்தது, யாரிடமும் சொல்லாதது. டப்பிதான் கெட்டுப்போய்க்கொண்டிருக்கிறதோ? மறுபடி அறுப்பார்களோ?

கடைசியில் குழு கூடி ஒரு முடிவுக்கு வந்தது. மூன்று நாளைக்குக் கோகிலவாணி போனை வைத்துக்கொள்ளட்டும். சுந்தரம்மாள் கொட்டாய்க்கு வந்து போன் இல்லாமல் வேலை பார்க்கட்டும். அப்போதும் அடித்தால் டவர், அடிக்காவிட்டால் போன். திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம்.

மூன்று நாளும் அடிக்கவில்லை. டவருக்கு நேராக, வாசலிலேயே சாக்கைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். அறுபத்து நாலு. அறுபத்தேழு. நெஞ்சு சமர்த்தாக இருந்தது. டவர்மேல் சுமத்திய பழி போயிற்று. ஆனால் அவளுக்கு அதில் சந்தோஷமில்லை. டவர் என்றால் எல்லோருக்கும் பொது. போன் என்றால் அவள் ஒருத்திதான் விலக வேண்டும்.

அந்த மூன்று நாளில் முறை என்கிற ஒன்றே இல்லாமல் போனது தனிக் கதை. கோகிலவாணி யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவள். கேட்டவருக்கெல்லாம் “வாங்க வாங்க” என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டாய் வாசலில் இருபத்தாறு மூட்டையும், அதற்குமேல் உட்கார்ந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு பதினோரு பேரும் இருந்தார்கள்.

“யக்கா, உன் கால்ல வேணா வுழறேன். இத வாங்கிக்க. இந்தக் கூட்டத்த அனுப்பிட்டுக் குடுத்துடு, போதும்.”

சுந்தரம்மாள் வாங்கினாள். தண்டவராயன் மூட்டை பெரிசு, அவர் கடைசி. பச்சையம்மாவுக்குக் கைக்குழந்தை, அவள் முதல். மற்றவர்களில் நாலு பேரைச் சாயங்காலம் வரச் சொன்னாள். முணுமுணுத்தார்கள், ஆனால் போனார்கள். பேசி முடித்த கை, பழக்கத்தில், போனை ஜாக்கெட்டுக்குள் செருகியது. குனிந்து தவிட்டுத் தட்டை இழுத்தாள். பத்து எண்ணுவதற்குள் நெஞ்சு ஆரம்பித்தது.

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. இப்போது அவள் பேசவில்லையே. கால் மணி நேரமாகப் பேசிக்கொண்டு நின்றபோது ஒன்றுமில்லை. யோசித்துப் பார்த்தால் எப்போதுமே அப்படித்தான். காதில் இருக்கிறவரை சும்மா இருக்கும். பேசி முடித்து வைத்த பிறகுதான் அடிக்கும். பச்சை மிளகாய் தின்று கொஞ்சம் கழித்து எரிகிற மாதிரி என்று இத்தனை நாளும் அவளாகவே ஒரு சமாதானம் வைத்திருந்தாள்.

போனை வெளியே இழுத்தாள். அதோடு கழுத்துக் கயிறும் சேர்ந்து வந்தது.

அவள் கழுத்துக் கயிற்றில் எப்போதும் மூன்று ஊக்கு கோத்திருக்கும். முள் எடுக்க ஒன்று, முந்தானைக்கு ஒன்று, கேட்கிறவர்களுக்குக் கொடுக்க ஒன்று. ஊக்கு துணியில் மாட்டிக்கொண்டது என்று நினைத்து விடுவிக்கப் பார்த்தாள். மாட்டவில்லை. மூன்று ஊக்கும் போனின் கவர்மேல் படுத்துக்கிடந்தன. பிய்த்து எடுத்தாள். விட்டாள். டிக், டிக் என்று போய் மறுபடி ஒட்டின.

புத்தகம் மாதிரி திறந்து மூடுகிற கவர் அது. மூடும்போது தானாகவே டப்பென்று ஒட்டிக்கொள்ளும். அதன் அழகே அதுதான். நவீன்குமார் மஸ்கட்டிலிருந்து ஊர் வந்த கூட்டாளியிடம் கொடுத்தனுப்பியது. வந்தது சித்திரையில். வீட்டில் இருக்கிற நேரத்தில் அது போனோடு மாடத்தில்தான் கிடக்கும்.

“கோகிலா. இங்க வா.”

கோகிலவாணி வந்து பார்த்தாள். கவரை வாங்கி மிஷினின் இரும்புத் தொட்டியின் பக்கவாட்டில் வைத்தாள். விழாமல் அப்படியே நின்றது. 

“தெனிக்கும் காந்தத்த என்ன தொடைக்க வச்சிட்டு நீ மரத்தடியில போய் நிப்பியே,” என்றாள் கோகிலவாணி மெல்ல. “மாருல காந்தத்த வச்சிக்கினா நின்ன?”

சுந்தரம்மாள் போனைத் தொட்டியிலிருந்து பிய்த்து எடுத்தாள். கவரைக் கழற்றி, வெறும் போனை மட்டும் பழைய இடத்திலேயே வைத்து, கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிஷம். அறுபத்தைந்து. போனைக் கோகிலவாணியிடம் கொடுத்துவிட்டு வெறும் கவரைக் கையில் எடுத்தாள்.

“வேணாம்க்கா.”

“நீ மணியப் பாரு.”

கவரை நெஞ்சருகே கொண்டுபோனாள். நாலு விநாடி. தட்தட்டென்று அதே ஓட்டம் வந்தது. கையை நீட்டித் தள்ளிப் பிடித்தாள். நின்றது. போன் இல்லை, டவர் இல்லை, வெறும் துணியும் அட்டையும் அதற்குள் தைத்த இரண்டு கறுப்பு வட்டமும். மூட்டைமேல் உட்கார்ந்திருந்த தண்டவராயன், “இன்னாமா பண்றீங்க ரெண்டு பேரும், முறை யாருது?” என்று கேட்டார்.

“உங்களுதுதான். கொட்டுங்க,” என்றாள் சுந்தரம்மாள். அவருக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவள் முறை தப்பிச் சொன்னது அந்த ஆறு வருஷத்தில் அது ஒரு தடவைதான்.

செவ்வாய்க்கிழமை ரங்கனும் அவளும் வேலூர் போனார்கள். பார்த்திபன் டப்பிக்கு நேராக வெளியில் ஒரு கருவியை வைத்துத் திரையைப் பார்த்தார். பேட்டரி இன்னும் ஒன்பது வருஷம் வரும், ஒயர் சரியாக இருக்கிறது என்றார். அவள் கவரை எடுத்து மேஜைமேல், தன்னிடமிருந்து கை எட்டுகிற தூரத்தில் வைத்து நடந்ததைச் சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் இழுப்பறையிலிருந்து வளையம் போன்ற ஒரு காந்தத்தை எடுத்தார்.

“நாங்களே இத வச்சுத்தான் டெஸ்ட் பண்ணுவோம். பயப்படாதீங்க. இப்ப வைக்கிறேன். எப்படி இருக்கு?”

“இதேதாங்க. அச்சு அசல் இதே.”

“இது காந்தத்தக் கண்டா, உங்க இதயம் என்ன பண்ணுதுன்னு கவனிக்கிறத நிறுத்திட்டு, தன்பாட்டுக்கு எண்பத்தஞ்சுல அடிச்சுக்கிட்டே இருக்கும். எடுத்தா பழையபடி ஆயிடும். கெட்டுப்போகல. ஆனா மாசக்கணக்கா அப்படியே ஓட விடக் கூடாது. நல்ல வேளை கண்டுபிடிச்சீங்க.”

“அப்ப அந்த டவரு?” என்றார் ரங்கன், விடாமல்.

“டவர் மேல ஏறி உக்காந்தா வேற விஷயம். அவ்வளவு தூரத்துல இருக்குற டவரால இவங்க பேஸ்மேக்கருக்கு ஒண்ணும் ஆகாதுங்க.” பிறகு சுந்தரம்மாளிடம் திரும்பினார். “போன் தாராளமா பேசலாம். ஆனா கவர் இல்லாட்டியும் அங்க வைக்காதீங்க. சில போனுக்குள்ளயே காந்தம் இருக்கு. இங்கேருந்து ஒரு சாண் தள்ளி எங்க வேணா வச்சுக்கங்க. அன்னைக்கே சொன்னேனேம்மா, சட்டைப் பையில வைக்காதீங்கன்னு.”

“சொன்னீங்க. எனக்கு ஏதுங்க சட்டைப் பை?”

“அதுக்குத்தான் நானு மாத்திக்கினேன்,” என்றார் ரங்கன்.

பார்த்திபன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “ஒரு நாளைக்கு இருபது பேருக்குச் சொல்றேம்மா, இதே வார்த்தைய. பாதிப் பேர் லேடீஸ்.” மேஜையில் அச்சடித்த தாள் கட்டு ஒன்று இருந்தது. மேல் தாளில், சட்டைப் பை என்றிருந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு ஏதோ எழுதினார். அடுத்த தாளை எடுத்தார். அதிலும் எழுதினார்.

வெளியே பெஞ்சில் சந்தவாசல் பக்கத்துப் பெண் ஒருத்தி, நெஞ்சில் புதுத் தையலோடு, கூப்பிடுவதற்காகக் காத்திருந்தாள். சுந்தரம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஊர், எப்போது வைத்தார்கள் என்று கேட்டுவிட்டு, “போன எங்கம்மா வச்சிகினு கீற?” என்றாள். அந்தப் பெண் கூச்சத்தோடு முந்தானையைத் தொட்டுக் காட்டினாள். பிறகு, சொன்னதைக் கேட்டு, எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை கூட வேண்டிய குழு புதன்கிழமை கூடியது. கோகிலவாணி போனை எல்லோர் முன்னாலும் சுந்தரம்மாளிடம் நீட்டி, “இனிமே யாராவது இத என் கையில குடுத்தீங்கன்னா நான் பொறந்த வூட்டுக்கே போய்டுவேன்” என்றாள். பேச்சு அவ்வளவுதான். பழைய ஜாக்கெட் துணியில் ஒரு சுருக்குப் பை தைத்து, சுந்தரம்மாள் அதை வலது இடுப்பில் கட்டிக்கொண்டாள். முதல் ஒரு வாரம் போன் அடிக்கும்போதெல்லாம் கை மாருக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நவீன்குமார் வீடியோவில் வந்தான். முகம் தெரிவதற்கு முன்பே பேச ஆரம்பித்திருந்தான்.

“ம்மா, ஆஸ்பத்திரியில இன்னா சொன்னாங்க? மிஷினுக்குப் போறது இல்லைல?”

இதை எப்படிச் சொல்வது என்று அவள் மூன்று நாளாக யோசித்திருந்தாள். சொல்லாமல் விட்டால் அவன் பயமும் தீராது, டவர்மேல் இருக்கிற கோபமும் தீராது. சொன்னாள். ஊக்கு ஒட்டியதிலிருந்து பார்த்திபன் வைத்த காந்தம்வரை.   அவன் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

“நான் அனுப்சதா?”

“நீ இன்னாடா பண்ணுவ. போன் கீழ வுழுந்தா ஒடையக் கூடாதுன்னு அனுப்ச்ச. ரெண்டு வாட்டி வுழுந்துச்சு. ஒடையல.”

“ம்மா...”

“ஒனக்குத் தெரிஞ்சா அனுப்பியிருப்பியா? எனக்கே தெரியல. மாருல வச்சிகினு சுத்துனது நானு.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மெதுவாக ஒரு மூச்சு விட்டான். இத்தனை மாதமாக இல்லாத ஒரு தளர்ச்சி அவன் தோளில் தெரிந்தது. பெயரில்லாத பயத்துக்கு இப்போது ஒரு பேர் கிடைத்துவிட்டது. அது உள்ளங்கை அகலம்கூட இல்லை.

“அத தூக்கிப் போட்டுட்டியா?”

“இன்னாத்துக்கு? நல்ல கவரு. கொட்டாயில அந்தக் கோடி சொவுத்துல மாட்டிக் கீது. ஆணி, ஊசி, ஊக்கு எல்லாம் கோகிலா அதுல ஒட்டி வச்சிருக்கா. நான்தான் அந்தப் பக்கம் போவுறதில்ல.”

அவன் சிரித்தே விட்டான். “மிஷினுக்குப் போ. ஆனா தெனம் எண்ணிப் பாத்து எனக்குச் சொல்லணும்.”

“சொல்றேன்டா. வையி, லைன்ல வேற ஆள் கீறாங்க.”

மேல்சிலம்படியிலிருந்து யாரோ. மூன்று மூட்டை. நாளைக்குக் காலையில் வரலாமா என்று கேட்டார்கள். காலையில் வேண்டாம், கூட்டமாக இருக்கும், சாப்பாட்டுக்கு மேல் வாங்க, உங்களுது நாலாவது முறை என்றாள். போனைச் சுருக்குப் பையில் போட்டு இழுத்துக் கட்டினாள். மகனுக்குச் சொல்ல வேண்டுமே என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணிக்கட்டில் விரலை வைத்தாள். நாற்பத்தொன்று வரை வந்தபோது இடுப்பில் மறுபடியும் மணி அடித்தது. எண்ணிக்கை விட்டுப்போனது.

“சொல்லுங்க,” என்றாள்.